பின் சீட்டில் தூங்கும் சட்டம்

காரின் பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். ஆனால் நினைவூட்டுவதற்கு ஒரு பிரபலம் இறக்க வேண்டியிருக்கிறது.

2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மும்பையை நோக்கி விரைந்துகொண்டிருந்த ஒரு சொகுசு கார், பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. காரில் நான்கு பேர். முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி. இறந்த இருவருமே பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீசாரின் முதற்கட்ட விசாரணை.

நாடு இந்தப் பாடத்தைக் கேட்பது முதல் தடவை அல்ல. மத்திய அமைச்சராகப் பதவியேற்ற சில நாட்களில், 2014 ஜூன் 3 அன்று, டில்லியில் நடந்த விபத்தில் கோபிநாத் முண்டே இறந்தார். அவரும் பின் சீட்டில்தான் இருந்தார். பின்னால் உள்ள பெல்ட் வெறும் அலங்காரம் என்ற தவறான எண்ணத்தால் நண்பரை இழந்தேன் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன் வருந்தினார். பரபரப்பு அடங்கியது, பழக்கம் மாறவில்லை.

பின் சீட் பத்திரமானது என்ற நம்பிக்கைதான் கோளாறு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி நிற்கும்போது, உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான வேகம் இது. கைகளால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு இதைத் தடுக்க முடியாது. பெல்ட் போடாதவர் தான் மட்டும் அடிபடுவதில்லை; முன்னால் இருப்பவர்மீதும் பாறாங்கல்லாக விழுகிறார்.

சட்டத்தில் குழப்பம் ஏதுமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138(3)-வது பிரிவு, முன்னோக்கிய பின் இருக்கைகளில் இருப்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட சட்டம் இதற்கான அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட் போடாமல் ஓட்டினாலும் அதே அபராதம்தான். ஆனால் திருத்தம் அமலான அதே மாதத்தில் குஜராத் அதை 500 ரூபாயாகக் குறைத்துக்கொண்டது. மிஸ்திரி இறந்த பிறகுதான் டில்லி போலீசார் பாரகம்பா சாலையில் நின்று பின் சீட்டை எட்டிப் பார்த்தார்கள்.

மக்களின் சாமர்த்தியமோ வேறு திசையில் போகிறது. பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரத்தின் வாயை அடைக்க, பூட்டும் துளையில் செருகும் ஒரு உலோகக் கிளிப் தாராளமாக விற்பனையானது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவிட, 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன.

இதற்கான விலையை மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. 2022-ல் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஓட்டியவர்கள் 8,384, உடன் பயணித்தவர்கள் 8,331. அதாவது, பலியானவர்களில் பாதிப் பேர் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும் பூட்டை முதலில் வெளியே எடுங்கள். பட்டை தோள் எலும்பின் மீது படிந்து மார்பின் குறுக்கே வர வேண்டும்; கைக்கு அடியில் போகக்கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றின்மீது அல்ல, இடுப்பெலும்பின்மீது இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் வயிற்றுக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு அல்ல. வாடகைக் காரில் பின் பெல்ட் காணோமென்றால், புறப்படும் முன்பே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்று அவர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.