பாலத்தில் நின்று ஊதிய வித்வான்!

1959-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம்.

அங்கே வில்லியம்ஸ்பர்க் பாலம் என்று ஒரு பெரிய பாலம் இருக்கிறது. அதன் மேல் ரெயில் ஓடும். கார்களும் லாரிகளும் ஓடும். ஆட்கள் நடந்து போக, உயரத்தில் தனிப் பாதை உண்டு. கீழே ஆற்றில் படகுகள் போகும்.

அந்த நடைபாதையில் உயரமான ஒரு மனிதர் நிற்பார். கையில் பளபளக்கும் பித்தளை வாத்தியம். வெயிலிலும் ஊதுவார். பனிக் காலத்திலும் ஊதுவார். ஆற்றில் படகு ஊதினால், இவரும் பதிலுக்கு ஊதுவார்!

யார் அவர்? பிழைப்புக்கு வழி இல்லாதவரா?

இல்லை. அவர் பெயர் சன்னி ராலின்ஸ். சாக்ஸபோன் வாசிப்பதில் பெரும் புகழ் பெற்றவர். கச்சேரிகள் குவிந்தன. இசைத் தட்டுகள் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 28.

"ஊர் புகழ்கிற அளவுக்கு நான் வாசிக்கவில்லையே!" என்ற எண்ணம் அவரை அரித்தது. ஒரு நாள் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். மறுபடியும் மாணவனைப் போல் சாதகம் செய்யத் தொடங்கினார்.

பக்கத்து வீடு

வீட்டிலேயே சாதகம் செய்யக் கூடாதா? அங்கேதான் வந்தது சங்கடம்.

அவர் இருந்தது நெருக்கமான குடியிருப்பு. அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். சாக்ஸபோனோ மெல்லப் பேசத் தெரியாத வாத்தியம். அந்தப் பெண்ணுக்குத் தொல்லை கொடுக்க ராலின்சுக்கு மனம் வரவில்லை. இடம் தேடி அலைந்தபோது பாலம் கண்ணில் பட்டது. ரெயில் சத்தத்தின் நடுவே எவ்வளவு ஊதினாலும் கேட்பார் இல்லை!

சில நாட்களில் 15 மணி நேரம் வரை ஊதினார். இப்படி ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊதினார். 1961-ம் ஆண்டு கடைசியில் மீண்டும் மேடை ஏறினார். 1962-ல் வந்த அவருடைய இசைத் தட்டுக்கு "பாலம்" என்றே பெயர் வைத்தார்.

நம் வீடுகளிலும் இந்தத் தொல்லை உண்டு. வாத்தியத்தின் வாயில் துணியை அடைத்தால் சத்தம் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதிகம் குறையாது. அந்த வாய் வழியாக மட்டும் ஒலி வருவதில்லை. உடம்பில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. துணிமணிகள் தொங்கும் அறையில் கதவைச் சாத்தி வாசித்தால் ஓரளவு அடங்கும். அதைவிட, பக்கத்து வீட்டாரிடம் போய், "எந்த நேரம் ஊதினால் உங்களுக்குத் தொல்லை இல்லை?" என்று கேட்டுவிடுவது நல்லது.

முதலில் மூச்சு

சாக்ஸபோனைச் செய்தவர் அடோல்ப் சாக்ஸ். பெல்ஜியம் நாட்டுக்காரர். 1846-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார்.

உடம்பு பித்தளை. ஆனால் ஒலி பிறப்பது பித்தளையில் அல்ல. வாயில் வைக்கும் பகுதியில் ஒரு மெல்லிய பட்டை இருக்கும். நாணல் வகையைச் சீவிச் செய்தது. "ரீடு" என்பார்கள். நம் நாதசுரத்துச் சீவாளிக்கு இது தம்பி முறை! மூச்சுப் பட்டதும் ரீடு துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் நாதமாகிறது.

ஆகவே சாதகம் விரலில் தொடங்குவதில்லை. மூச்சில் தொடங்குகிறது.

ஒரே ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவயிறு நிறைய மூச்சு வாங்குங்கள். கன்னத்தை உப்ப விடாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து வினாடி ஒரே சீராக ஊதுங்கள். ஒலி நடுங்கக் கூடாது. ஏறி இறங்கவும் கூடாது. அது கைவந்த பிறகு, மெல்லத் தொடங்கிப் பெரிதாக்கி, மறுபடி மெல்ல முடியுங்கள்.

"இது என்ன, பாட்டே இல்லையே!" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். உண்மைதான். கேட்கிற வீட்டாருக்கும் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பேர் பெற்ற வித்வான்களும் தினமும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

இன்னொரு தவறு. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது புதியவர்கள் பல்லை இறுக்கிக் கடிப்பார்கள். ஒலி கீச்சென்று ஒல்லியாகிவிடும். சுருதியும் ஏறிவிடும். ஸ்தாயியை மாற்ற இடது கைப் பெருவிரலுக்கு ஒரு சாவி இருக்கிறது. அதை அழுத்தினால் போதும். தாடை அசையாமல், ஒரே சுரத்தைக் கீழும் மேலுமாக வாசித்துப் பழகினால் கடிக்கும் வழக்கம் போய்விடும்.

பாட்டு வாசிக்கும்போது தடுக்குகிறதா? முதலிலிருந்து திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். தடுக்கும் இரண்டு சுரங்களை மட்டும் பிடியுங்கள். பாதி வேகத்தில், தாளம் போட்டு வாசியுங்கள். வேகமாக வாசித்தால் தவறும் சேர்ந்தே பழகிவிடும். பழகிய தவறைக் கழற்றுவது பெரும் பாடு.

கத்ரி கோபால்நாத்

1994-ல் வந்த "டூயட்" படத்தைப் பார்த்தவர்கள் அதில் ஒலித்த சாக்ஸபோனை மறந்திருக்க மாட்டார்கள். அதை வாசித்தவர்களில் ஒருவர் கத்ரி கோபால்நாத். கர்நாடக மாநிலத்தில் மங்களூர்ப் பக்கத்துக்காரர். தந்தை நாதசுர வித்வான். பிள்ளையும் நாதசுரத்தில்தான் தொடங்கினார். மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டார். மனதைப் பறிகொடுத்தார்.

ஆனால் அந்த வாத்தியம் மேல்நாட்டு இசைக்குப் பிறந்தது. நாதசுரத்தில் விரல் துளையின் மேலேயே இருக்கும். துளையைப் பாதி மூடி, பாதி திறந்து கமகத்தை இழைக்கலாம். சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்த, மூடி போய்த் துளையை மூடும். சுரங்கள் படிக்கட்டு மாதிரி தனித் தனியாக நிற்கும். அவற்றை வழுக்கிச் செல்ல வைக்க வேண்டுமானால், உதடும் மூச்சும்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்த வித்தை கைவர அவருக்குச் சுமார் 20 ஆண்டுகள் பிடித்தன. கருவியிலும் சில மாற்றங்கள் செய்துகொண்டார். சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் மேலும் பயின்றார். 1994-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கர்நாடக இசை வாசித்தார். 2019-ல் காலமானார்.

எவ்வளவு நேரம்?

ராலின்சைப் போல் நீங்களும் 15 மணி நேரம் ஊத வேண்டாம்! புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உதட்டுத் தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். தினம் அரை மணி போதும். ஆனால் தினமும் வேண்டும். ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஊதினால் உதடுதான் புண்ணாகும்.

ஒரே ரீடை வைத்துக்கொண்டு மல்லாட வேண்டாம். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடையுங்கள். வாத்தியத்தின் உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுங்கள். அப்படியே பெட்டியில் வைத்து மூடினால், மறுநாள் திறக்கும்போது வீடு முழுக்க வாடை அடிக்கும்.