கோடியக்கரைக்குப் புறப்படுமுன்

வங்காள விரிகுடாவின் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே முறித்துத் திரும்புகிறதே, அந்த மூலையில், வேதாரண்யத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் சதுப்பும் எதிரே சமுத்திரமுமாக அமைந்திருக்கும் சிற்றூர் கோடியக்கரை. சுந்தரர் இங்கே வந்தபோது, காற்று ஓயாமல் மோதும் இக்கரையில் துணையின்றித் தனித்திருக்கிறாரே என்று குழகர் கோயில் இறைவனுக்காகவே மனம் நொந்து பாடினார்.

அவர் கண்ட தனிமை இன்று இல்லை. 1967இல் வனவிலங்குச் சரணாலயமாகி, 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்துவிட்ட இப்பிரதேசத்துக்கு, வலசைப் பறவைகள் வந்திறங்கும் கார்த்திகை மார்கழியில் ஜனங்கள் வேன் வேனாக வருகிறார்கள். வரத்தான் வேண்டும். முறுக்கிய கொம்பும், கருத்த முதுகும், கண்ணைச் சுற்றி மை தீட்டியதற்கு நேர்மாறாக வெள்ளை வளையமுமாகப் புல்வெளியில் நிற்கும் கலைமானை, அது நம்மை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் துள்ளும் அந்த நொடியில் கண்டவர்கள், அக்காட்சியைத் தம் குழந்தைகளுக்கும் காட்ட விரும்புவது இயல்பே. மட்டக்குதிரைகள், பூநாரைகள், மேட்டின் மீது இராமர் பாதம், வரும் வழியில் 1930ஆம் ஆண்டு ராஜாஜி உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி என்று ஒரு பகல் போதாத அளவுக்கு இங்கே காண உண்டு. ஆனால் சாந்தமாகத் தோற்றமளிக்கும் இந்த இடத்தை அந்தத் தோற்றத்தை மட்டுமே நம்பி அணுகுகிறவர்களுக்குத்தான் துன்பம் நேர்கிறது; பரிகாரம் இருந்தும், அதற்குரிய சிறு காரியத்தை உரிய நேரத்தில் செய்யாததால் அது கைநழுவிப் போகிறது.

முதலில் காட்டுக்குள் போகும் உரிமை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் எவரும் இஷ்டம்போல் நுழைந்துவிட முடியாது. எனினும் அனுமதி வழங்கத்தக்க காரியங்களில் சுற்றுலாவும் ஒன்று என்று அச்சட்டமே சொல்வதால், கட்டணம் செலுத்தி அனுமதி பெற்றவர் யாருடைய தயவிலும் உள்ளே நிற்பவர் அல்லர். அந்தக் கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குவது அவருடைய உரிமை. ரசீது தர மறுத்தால் வனச்சரக அலுவலரிடமோ, மாவட்ட வன அலுவலரிடமோ, 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலோ முறையிடலாம். அதே சட்டம் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. மூலிகை வனம் என்று பெயர் பெற்ற இடமாயிற்றே என்று ஒரு வேரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. மேலே சொன்ன கலைமான், அதாவது வெளிமான், அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வேட்டையாடியவருக்கு 3 முதல் 7 ஆண்டுவரை சிறை.

சீண்டுவதென்றால் கல்லெறிவது மட்டுமன்று. சென்ற தை மாதத்தில் நான் அங்கே ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தபோது, ஒருவர் அன்போடு பிஸ்கட் நீட்டிப் பழக்கிக்கொண்டிருந்த குரங்கு, பிஸ்கட் தீர்ந்ததும் அவருடைய ஆறு வயதுப் பெண்ணின் கையிலிருந்த பொட்டலத்தின் மேல் பாய்ந்தது. மணிக்கட்டில் நகம் பட்டு மெல்லிய சிவப்புக் கோடு. ஒரு துளி இரத்தம். பாட்டி மஞ்சள்தூள் தேடினார். கடைக்காரப் பெண்மணி விடவில்லை.

“மஞ்சள் வேண்டாம் பாட்டி, முதல்லே சோப்புப் போட்டுக் கழுவுங்க.”

“சின்னக் கீறல்தானேம்மா.”

“கீறலோ கடியோ, ஊசி போட்டே ஆகணும். வேதாரண்யம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, காசு வாங்கமாட்டாங்க.”

கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் அக்குழந்தையின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். மருந்தகம் பல மைல் தள்ளியிருக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்த முதலுதவி இல்லை. தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதைக் கேட்டுப் பெறுவதும், சொன்ன தேதிகளில் தவறாமல் மறுபடி போட்டுக்கொள்வதும் நம் பொறுப்பு. பாம்புக்கடியிலும் அப்படியே: கட்டு இறுக்காமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட அங்கத்தை அசையவிடாமல், 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மாற்று மருந்துதான்.

அடுத்தது சேறு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள், பூங்குழலியைத் துரத்திச் சென்ற வந்தியத்தேவன் கோடிக்கரைச் சேற்றில் சிக்கிக்கொண்ட இடத்தை மறந்திருக்கமாட்டார்கள். கதைக்காக மிகைப்படுத்தியது அது என்று எண்ணிவிடக்கூடாது. வெயிலில் மேற்பரப்பு காய்ந்து வெடித்து உறுதியான தரைபோல் காட்சியளிக்க, ஒரு விரற்கடைக்குக் கீழே களி கூழாக இருக்கும் சதுப்பு இது. பூநாரைகளை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் படம் பிடிக்கலாமென்று கைப்பேசியும் கையுமாகச் சாலையைவிட்டு இறங்குகிறவர்களின் கால் முதலில் கணுக்கால்வரை போகும், வெடுக்கென்று இழுக்க இழுக்க முழங்கால்வரை இறங்கும். அப்போது நின்ற நிலையில் போராடாமல், உடலைப் பின்புறம் சாய்த்து, பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். உதவிக்கு வருகிறவர் உள்ளே இறங்காமல் கழியையோ துண்டையோ நீட்ட வேண்டும். இந்த ஆபத்துக்கு இரட்டைக்குழல் தொலைநோக்கியே நல்ல தற்காப்பு. பறவைக்கும் அதுவே நலம், ஏனெனில் நாம் நெருங்கியதும் அது இரையைவிட்டு எழுந்து பறக்கிறது.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் வீழ்ந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் இக்காட்டின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. மீனவர் படகெடுக்காத நாளில் நாம் தண்ணீரில் கால் வைக்கலாகாது. அவர்களுடைய படகு மீன் பிடிப்பதற்கென்று உள்ளது. உயிர்காப்பு அங்கியின்றி அதில் உல்லாசப் பிரயாணம் போக அவர்களை வற்புறுத்துவது அவர்களையும் சங்கடத்தில் மாட்டிவிடும். அபாயத்தில் 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும், 1554 கடலோரக் காவற்படையையும் அழைக்கும் எண்கள்.

இனிப் பண விஷயம். ஒரு முறை வாடகை வாகனம் பேசிக் காட்டுப் பாதை வழியே போனபோது, பேசிய தொகையைப்போல் இரு மடங்கை நடுவழியில் கேட்டார்கள். உடன் முதியவர்கள் இருந்தார்கள், கொடுத்துவிட்டேன். ஊர் திரும்பிய பின் முறையிட நினைத்தால், ஒரு துண்டுக் காகிதமும் என்னிடம் இல்லை. அந்த மனக்கசப்பு நெடுநாள் இருந்தது. இப்போதெல்லாம் ஏறுமுன் தொகையையும் போகுமிடங்களையும் கைப்பேசியில் செய்தியாக அனுப்பிச் சம்மதம் பெறுகிறேன். பணத்தையும் அதன் வழியே செலுத்துகிறேன். அந்தப் பதிவுகளே சாட்சியம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளியூர்ப் பிரயாணிக்கு ஒரு பெரிய சௌகரியத்தைச் செய்திருப்பது பலருக்குத் தெரியாது: வாகனம், விடுதி, உணவகம் எதில் குறை நேர்ந்தாலும், வழக்குக்காக நாகப்பட்டினத்துக்கு அலைய வேண்டியதில்லை, தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமலும் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுக் கட்டணமே கிடையாது. தண்ணீர்ப் புட்டிக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடமும் புகார் செய்யலாம். ஆணையத்துக்குப் போகுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவது நல்லது; பல பிணக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், தேதி, வாகன எண், பேசிய தொகை, வாங்கிய தொகை இவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, எதிர்த்தரப்புக்கு ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்பி, அந்த ஒப்புகையைக் காட்டின் வாயிலில் வாங்கிய ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்க.