சுவரின் வர்ணமும் விளக்கின் ஒளியும்

கொல்லிமலையில் புதுவீடு கட்டிய ஒருவர், சுவருக்கு வர்ணம் வாங்க நாமக்கல்லுக்கு இறங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வர்ண அட்டையைப் புரட்டி, வாழைக்குருத்தைப் போன்ற இளம்பச்சை ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து டப்பாக்கள் மலைக்கு வந்து சேருகின்றன. சுவரில் பூசி உலர்ந்த பின் பார்த்தால், மூடுபனி கவிந்த காலைப்பொழுதில் அது சாம்பல் பூத்துக் காண்கிறது. இரவில் விளக்கேற்றினாலோ மஞ்சள் பாரித்து நிற்கிறது. “கடைக்காரர் வேறு வர்ணத்தைக் கொடுத்துவிட்டார்” என்று அவர் மனம் நோகிறார். உண்மையில் டப்பாவிலும் பிழையில்லை. கடைக்காரர் மீதும் குற்றமில்லை. மாறியது ஒளியே ஆகும்.

வர்ணம் என்பது பொருளில் மட்டும் உறைந்திருப்பதன்று. வெண்ணிற ஒளி பல நிறங்களின் கலவை என்பதை ஐசக் நியூட்டன் 1672-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். சுவர் தன்மீது விழும் ஒளியில் சில நிறங்களை விழுங்கி, எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வாறு திரும்பி வருவதையே நாம் சுவரின் நிறம் என்கிறோம். ஆகவே விளக்கு எதைக் கொடுக்கவில்லையோ, அதைச் சுவர் திருப்பித் தர இயலாது. நீலக் கிரணங்கள் குறைந்த விளக்கின் கீழ் நீலச் சுவர் மங்கிக் கறுத்துத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஒளியின் இயல்பைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பர். மெழுகுவர்த்தியின் ஒளி ஏறக்குறைய 1,900 கெல்வின். பழைய குண்டு விளக்கு 2,700. நண்பகல் வெயில் 5,500. மேகம் கவிந்த வானம் 6,500. எண் குறைந்தால் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகும். எண் உயர்ந்தால் நீலம் மிகும். இன்று விற்கும் எல்.இ.டி. விளக்குகளின் பெட்டியிலும் இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கிறது. ‘வார்ம் ஒயிட்’ என்பது 2,700 முதல் 3,000 வரை. ‘கூல் டேலைட்’ என்பது ஏறத்தாழ 6,500. ஒரே சுவர் முன்னதின் கீழ் சந்தனமாகவும், பின்னதின் கீழ் வெளிறிய சுண்ணாம்பாகவும் தோன்றக்கூடும்.

ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த நம் மலையில் மூடுபனி நாட்கள் பல. அந்நாட்களில் வெயில் நேராக விழாமல் சிதறி, நீலம் கலந்த மெல்லொளியாக அறைக்குள் வருகிறது. சமவெளி வெயிலில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் காவியும் இங்கே அடங்கி நிற்கும். வெளிர் நீலமும் சாம்பலும் குளிர்ந்து சோர்வு தரும்.

வடக்குச் சன்னலின் ஒளி நாள் முழுவதும் மாறாதது என்று ஐரோப்பிய நூல்கள் கூறும். அது நமக்கு முழுவதும் பொருந்தாது. கொல்லிமலை ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஆதலால் சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடபுறமாகவே செல்கிறது. அம்மாதங்களில் வடபுறச் சுவரும் வெயில் காணும்.

இவையெல்லாம் வீட்டு அலங்காரத்தைப் பற்றிய பேச்சுத்தானே என்று அங்கத்தினர்கள் எண்ணலாகாது. நம் தொழிலின் வருவாயும் இதில் அடங்கியிருக்கிறது. இராசிபுரத்தில் பட்டு நெய்யும் நெசவாளர் ஒருவர், இரவு விளக்கில் இரண்டு கண்டிகைகளை ஒப்பிட்டு ஒரே அரக்கு நிறம் என்று கொண்டு நெய்துவிடுகிறார். பகலில் விரித்துப் பார்த்தால் சேலையின் நடுவே பட்டை தெரிகிறது. வெவ்வேறு சாயங்களைக் கொண்டு ஆக்கிய இரு நிறங்கள் ஓர் ஒளியில் ஒன்றாகவும் மற்றோர் ஒளியில் வேறாகவும் தோன்றுவது இயற்கை. பழைய சுவரில் புது டப்பாவைக் கொண்டு ஒட்டுப்போடும் இடத்திலும் இதே வில்லங்கம் நேரும்.

சுவரும் வாளாவிருப்பதில்லை. பச்சை பூசிய தறியறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பாவின்மீது பச்சை படரச் செய்யும். அன்றியும் ஒரு நிறம் அருகிலுள்ள நிறத்தால் மாறித் தோன்றும். பாரிஸ் நகரத்துக் கோபலன் நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் தலைவராயிருந்த செவ்ரல் என்ற ரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயம் வலுவற்றிருக்கிறது என்ற முறையீடு வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. அருகில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். அவ்வாராய்ச்சியை 1839-இல் நூலாக வெளியிட்டார்.

அந்திப்பொழுதுக்கும் ஒரு குணம் உண்டு. ஒளி மிகக் குறையும்போது சிவப்பு முதலில் கறுத்துவிடும். நீலமும் பச்சையும் சற்று நேரம் துலங்கும். 1825-இல் இதை எடுத்துரைத்தவர் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே. சிவந்த காப்பிப் பழத்தையும் பச்சைக் காயையும் அந்தி மங்கலில் தரம் பிரிப்பது ஏன் தவறாகிறது என்பது இதனால் விளங்கும். செம்மண் நிறச் சுவர் மாலையில் அறையை இருட்டடிப்பதும் இதனாலேயே.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? முதலாவது, கடையிலேயே முடிவு செய்யற்க. சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிப் பலகையில் இருமுறை பூசி, நன்கு காய்ந்த பின் அதே அறையில் நிறுத்திவைக்கவும். காலை, நண்பகல், மூடுபனி, இரவு விளக்கு ஆகிய நான்கிலும் அதைப் பார்க்கவும். சன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் பக்கச் சுவரிலும் மாற்றி வைத்துப் பார்க்கவும். விளக்கை மாற்றுவதாயிருந்தால் வர்ணம் வாங்கும் முன்பே மாற்றவும்.

இரண்டாவது, தறியறைக்கும் தரம் பிரிக்கும் அறைக்கும் வெண்மையே உகந்தது. புதிய சுண்ணாம்புப் பூச்சு தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. அடர்ந்த வர்ணங்கள் அதில் மிகச் சிறு பங்கையே தரும். வெண்சுவர் தன் நிறத்தைச் சரக்கின்மீது ஏற்றாது. விளக்குச் செலவையும் குறைக்கும். நம் முன்னோர் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்தது வீண் வழக்கமன்று. சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அந்நீலம் ஈடுசெய்து வெண்மையைத் துலங்கச் செய்கிறது.

மூன்றாவது, நிறம் பார்க்கும் வேலைக்கு விளக்கு வாங்கும்போது, நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனைக் குறிக்கும் ‘சி.ஆர்.ஐ.’ எண்ணையும் கேட்கவும். அதன் உச்சம் 100. நமக்கு 90-க்குக் குறையாதிருத்தல் நலம். எனினும் நூலுக்கும் பழத்துக்கும் இறுதித் தீர்ப்புப் பகலொளியிலேயே ஆகட்டும்.

ஒரு பலகையும் ஒரு நாள் பொறுமையும் போதும். அவ்வளவில், மீண்டும் ஒரு முறை சுவர் பூசும் செலவும், பட்டை விழுந்த சேலையால் வரும் நஷ்டமும் நம்மை அணுகா.