ஓர் எலக்ட்ரான் செய்யும் மாற்றம்: உப்பீனிகளைக் கற்பிப்போம்

“குளோரின் நச்சு வாயு என்கிறீர்கள். அதே குளோரின் இருக்கும் உப்பைத் தினமும் சாப்பிடுகிறோமே?” தனிம வரிசை அட்டவணையின் 17ஆம் தொகுதியை நடத்தும்போது என் வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி இது. நிறம், நிலை, கொதிநிலை ஆகியவற்றைப் பட்டியலிடுவதற்கு முன், இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலிருந்தே நான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

ஹாலஜன் என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘உப்பை உண்டாக்குவது’ என்று பொருள். ‘உப்பீனி’ என்ற நம் கலைச்சொல்லும் அதையே சொல்கிறது.

ஏழிலிருந்து எட்டுக்கு

ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றின் அணுக்களில் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் உள்ளன. எட்டாவது எலக்ட்ரானைப் பிற பொருள்களிடமிருந்து கவர்ந்துகொள்ளும் இயல்பே இவற்றின் வினைத்திறனுக்குக் காரணம். குடிநீரில் சேர்க்கும் குளோரின் கிருமிகளைத் தாக்கி அழிக்கிறது. அதே குளோரினை அதிகமாகச் சுவாசித்தால் நுரையீரல் புண்ணாகிறது. 1915இல், முதல் உலகப் போரில், ஈப்ரு நகரருகே இதே வாயு ஆயுதமாகப் பயன்பட்டது. சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பெற்ற குளோரைடு அயனியோ நிலையானது. அதனால்தான் உப்பு நமக்கு உணவாகிறது.

வகுப்பறையில் செய்து பார்க்க

இதைக் கண்ணால் காட்ட எளிய வழி உண்டு. நீர்த்த சோற்றுக் கஞ்சியில், மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள்; கருநீல நிறம் தோன்றும். பிறகு எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். நிறம் மறையும். சாற்றிலுள்ள வைட்டமின் சி எலக்ட்ரான்களைத் தர, அயோடின் அயோடைடாக மாறிவிடுகிறது. அயோடைடு ஸ்டார்ச்சுடன் நீல நிறம் தருவதில்லை.

சமையல் உப்பைக் கஞ்சியில் போட்டுப் பார்க்கும் மாணவர்கள், நீலம் வரவில்லையே என்று கேட்பார்கள். நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது தனி அயோடின் அன்று, பொட்டாசியம் அயோடேட். தைராய்டு சுரப்பிக்குத் தேவையான அயோடின் இதிலிருந்து கிடைக்கிறது. குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரலாம்.

அளவும் முக்கியம்

அயனி என்றாலே தீங்கற்றது என்று மாணவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. சிறிதளவு ஃபுளூரைடு பற்சிதைவைத் தடுக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் நீடித்து இருந்தால் பற்களில் கறை படியும். மிகுந்தால் எலும்புகளும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இச்சிக்கல் உள்ளது. கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு நீங்காது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கழிவறையில் கவனம்

பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். கழிவறை கழுவும்போது, இரண்டையும் சேர்த்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று எண்ணிக் கலப்பவர்கள் உண்டு. காற்றோட்டமில்லாத சிறிய அறையில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். இவ்வினையைச் சமன்பாடாக மட்டும் எழுதிப் போடாமல், “இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது” என்று வீட்டில் சொல்லும்படி மாணவர்களிடம் கூறுவோம். பள்ளித் தூய்மைப் பணியாளர்களுக்கு நாமே நேரில் எடுத்துச் சொல்வோம்.