டிராஃப்ட் இரவில் 'ஏ பிளஸ்', ரெண்டே வருஷத்துல ஃபெயில்: பிலடெல்பியா ரசிகர்கள் போட்ட கணக்கு என்ன ஆச்சு?

2017 ஜூன் மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து கூடைப்பந்து ரசிகர்கள் செம குஷியில் இருந்தார்கள். அந்த வருட என்பிஏ டிராஃப்ட்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பரம எதிரியான பாஸ்டன் செல்டிக்ஸ் கையில் இருந்தது. அதைப் பேரம் பேசி வாங்கிவிட்டது அவர்களுடைய அணி. பதிலுக்குக் கொடுத்தது தங்களுடைய 3-வது இடத்தையும், பின்னாளில் வரவேண்டிய இன்னொரு முதல் சுற்று வாய்ப்பையும்.

அப்படி எடுத்த வீரர் மார்கெல் ஃபுல்ட்ஸ். வயது 19. அன்றைக்குப் பெரும்பாலான நிபுணர்களின் பட்டியலில் அவர்தான் நம்பர் ஒன். பாஸ்டனோ 3-வது இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தது. பல பாஸ்டன் ரசிகர்களுக்கு அதில் கடுப்பு.

இன்னைக்கு நிலவரம்? டேட்டம் 2024-ல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்த அணியின் முகம். ஃபுல்ட்ஸ் பிலடெல்பியாவுக்காக ஆடிய லீக் போட்டிகள் மொத்தம் 33.

அப்போ கொண்டாடிய ரசிகர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா? அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வரமுடியாது. அந்த ஃபுல்ட்ஸ் வழியாகவே அதே அணிக்கு ஒரு சூப்பர் ஸ்டார் கிடைத்த கதையும் இருக்கு. அதற்கு முன்னால் டிராஃப்ட் எப்படி நடக்கும் என்று பார்த்துவிடலாம்.

ஏலம் இல்லை, வரிசை

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். இங்கே யாரும் கையைத் தூக்கி விலை ஏற்றமாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் 30 அணிகளும் வரிசையாக வந்து, லீக்குக்குப் புதிதாக வரும் இளைஞர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் இரண்டு சுற்று. எந்த அணி கூப்பிடுகிறதோ அங்கேதான் வீரர் போகவேண்டும். முதல் சுற்றில் வருபவர்களின் சம்பளத்துக்கு எத்தனையாவது இடம் என்பதை வைத்து ஒரு அளவு ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டிருக்கும்.

இதில் முக்கியமான விஷயம், மோசமாக ஆடிய அணிகளுக்குத்தான் முன்வரிசை. அதாவது, தோற்றால் பரிசு! வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 1985-ல் லாட்டரி முறை வந்தது. இப்போது ப்ளே ஆஃப் போகாத 14 அணிகளுக்காக 14 பந்துகளைக் குலுக்கி நான்கை எடுக்கிறார்கள். இதில் 1,001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றை விட்டுவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கடைசி இடத்தில் வந்த அணிக்கு முன்பு 250 சேர்க்கைகள், அதாவது 25% வாய்ப்பு. 2019 லாட்டரியில் இருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14% மட்டுமே.

விதி மாறுவதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பிலடெல்பியாதான்.

"ப்ராசஸை நம்பு"

அணியின் முழுப்பெயர் பிலடெல்பியா செவன்ட்டிசிக்ஸர்ஸ். சுருக்கமாக சிக்ஸர்ஸ். (கிரிக்கெட் சிக்ஸருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் அந்த ஊரில் நிறைவேறியதால் வந்த பெயர்.)

2013 மே மாதம் சாம் ஹிங்கி இந்த அணியின் ஜெனரல் மேனேஜர் ஆனார். சுமாரான அணியாகவே காலம் தள்ளுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்த வருட டிராஃப்ட் இரவிலேயே, ஆல் ஸ்டார் வீரரான ஜ்ரூ ஹாலிடேவை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிவிட்டார். பதிலுக்கு வந்தவர் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசன் முழுக்க ஆட முடியாமல் போன நெர்லன்ஸ் நோயல். கூடவே அடுத்த வருடத்துக்கான ஒரு முதல் சுற்று வாய்ப்பு.

விளைவு? 2013-14-ல் 19 வெற்றி, 63 தோல்வி. அதில் 26 தோல்விகள் தொடர்ச்சியாக வந்தவை. அடுத்த சீசனில் 18 வெற்றி. அதற்கடுத்து 10 வெற்றி, 72 தோல்வி. இதற்கும் டிக்கெட் விற்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் ரசிகர்களில் ஒரு கூட்டம் இதை ரசிக்க ஆரம்பித்தது. ஆட்டத்தில் பார்க்க ஒன்றும் இல்லாததால் அவர்களுடைய கவனம் முழுக்க டிராஃப்ட் மேலே போனது. எந்த அணியின் எந்த வருட வாய்ப்பு நம் கையில் இருக்கு, அதற்கு என்ன நிபந்தனை, எந்தக் கல்லூரிப் பையன் எப்படி ஆடுகிறான் என்று எல்லாம் அத்துப்படி. லாட்டரி குலுக்கலைக் கூடிப் பார்க்கும் பார்ட்டிகள் நடந்தன. "ட்ரஸ்ட் தி ப்ராசஸ்", அதாவது ப்ராசஸை நம்பு என்பது கோஷமாகவே ஆனது. இன்னொரு கூட்டம், காசு கொடுத்து வருகிறவனை ஏமாற்றும் வேலை இது என்று கொதித்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

மார்க் போடும்போது எங்கே சறுக்குகிறது?

டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலையிலேயே ஊடகங்களும் ரசிகர்களும் ஒவ்வொரு அணிக்கும் கிரேடு போட்டுவிடுவார்கள். ஹிங்கி எடுத்த வீரர்களை வரிசையாகப் பார்த்தால், அந்த கிரேடுகள் எப்படியெல்லாம் தலைகீழாகும் என்பது புரியும்.

2013-ல் 11-வது இடத்தில் எடுத்தவர் மைக்கேல் கார்ட்டர் வில்லியம்ஸ். முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் மியாமியை வீழ்த்த உதவினார். சீசன் முடிவில் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே. ஒரு வருடம் கழித்து மார்க் போட்டிருந்தால் 'ஏ'. ஆனால் அவருக்கு நான்கு இடம் தள்ளி, 15-வதாக மில்வாக்கி எடுத்த ஒல்லிப் பையன் பெயர் யானிஸ் அன்டெடோகூன்போ. பிறகு இரண்டு முறை எம்விபி ஆனவர்! "யானிஸை விட்டுட்டீங்களே" என்று சிக்ஸர்ஸை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. ஏன்னா, முதல் 14 இடங்களில் யாருமே அவரை எடுக்கவில்லை.

2014-ல் 3-வது இடத்தில் ஜோயல் எம்பீட். டிராஃப்ட்டுக்குச் சில நாட்கள் முன்பு அவருக்குப் பாத எலும்பில் அறுவை சிகிச்சை. உடம்பு நன்றாக இருந்திருந்தால் அவர் 3-வது இடம் வரை வந்திருக்கவே மாட்டார் என்பதுதான் அன்றைய பொதுவான பேச்சு. அவர் இரண்டு முழு சீசன்கள் களமிறங்கவில்லை. ரசிகர்கள் இரண்டு வருடம் ஒரு காலி நாற்காலிக்குக் கைதட்டினார்கள் என்றே சொல்லலாம். 2016 அக்டோபரில்தான் முதல் ஆட்டம். 2023-ல் அவர் எம்விபி. 'தி ப்ராசஸ்' என்பதையே தன் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார்.

2015-ல் மறுபடி 3-வது இடம். எடுத்தது ஜலீல் ஓகஃபோர். டியூக் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரிப் பட்டம் வென்று கொடுத்தவர், முதல் சீசனில் சராசரி 17.5 புள்ளிகள். எண்களை மட்டும் பார்த்தால் சூப்பர். ஆனால் தடுப்பாட்டம் பலவீனம், தூரத்தில் இருந்து ஷாட் கிடையாது. லீக்கே த்ரீ பாயிண்டர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அதுவும் எம்பீட், நோயல் என்று ஏற்கெனவே இரண்டு உயரமான சென்டர்கள் இருக்கும்போது மூன்றாவதாக ஒருவர்! ஹிங்கியின் தேர்வுகளில் உண்மையிலேயே தவறு என்று நான் சொல்வது இதைத்தான். இந்தக் குறைகள் டிராஃப்ட் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தவை.

அதே 2015 டிராஃப்ட்டில் 4-வதாக கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் பெயர் வந்ததும் நியூயார்க் நிக்ஸ் ரசிகர்கள் அரங்கத்திலேயே "பூ" என்று கூச்சலிட்டார்கள். ஒரு சின்னப் பையன் அழுதது டிவியில் வந்து உலகப் புகழ் ஆனது. மூன்றே வருடத்தில் போர்சிங்கிஸ் ஆல் ஸ்டார். (52-வது இடத்தில் டல்லாஸ் எடுத்த பஞ்சாப் வீரர் சத்னாம் சிங்தான் என்பிஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர். அதுவும் இதே இரவில்தான்.)

2016 ஏப்ரலில் ஹிங்கி 13 பக்கக் கடிதம் எழுதி வைத்துவிட்டு ராஜினாமா செய்தார். அவர் போன பிறகு லாட்டரியில் முதலிடம் விழுந்தது, பென் சிம்மன்ஸ் வந்தார். அதற்கடுத்த வருடம்தான் ஃபுல்ட்ஸ்.

ஒரு பையனின் கை

ஃபுல்ட்ஸ் விஷயத்தில் நடந்தது கூடைப்பந்தில் அபூர்வம். நன்றாக ஷூட் செய்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஷூட் பண்ணவே வரவில்லை. ஃப்ரீ த்ரோ போடும்போது பந்து பாதி வழியில் தயங்கி நின்றது. அந்த வீடியோக்களை உலகமே ஷேர் செய்து சிரித்தது. மனசுல பிரச்னை, பயம், பயிற்சியாளர் கெடுத்துட்டார் என்று ஆளாளுக்கு ஒரு தியரி.

2018 டிசம்பரில்தான் அவருக்கு 'தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்' என்று கண்டறியப்பட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்புகள் அழுத்தப்படும் பிரச்னை அது. அப்போது அவருக்கு வயது 20. நாம் 'ஃப்ளாப்' என்று கிரேடு போடும் ஆட்கள் பெரும்பாலும் கல்லூரி இரண்டாம் வருட வயதுதான் என்பது அடிக்கடி மறந்துபோகிறது.

2019 பிப்ரவரியில் சிக்ஸர்ஸ் அவரை ஆர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே போய் அவர் வழக்கமான தொடக்க வீரராகவும் ஆடினார்.

39-ல் தொடங்கி 21-ல் முடிந்த பயணம்

இப்போதுதான் கதையின் சுவாரசியமான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படிங்க.

2014-ல் எம்பீடை எடுத்த அதே இரவில், இரண்டாம் சுற்றில் 39-வதாக ஜெரமி கிராண்ட் என்பவரையும் சிக்ஸர்ஸ் எடுத்திருந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2016-ல் அவரை ஒக்லஹோமா சிட்டி தண்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒக்லஹோமாவின் 2020 முதல் சுற்று வாய்ப்பை வாங்கினார்கள். ஒரு நிபந்தனை: அது முதல் 20 இடங்களுக்குள் வந்தால் ஒக்லஹோமாவே வைத்துக்கொள்ளும்.

2017-ல் அந்த வாய்ப்பை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்து, லாட்வியாவைச் சேர்ந்த அன்செய்ஸ் பசெச்னிக்ஸ் என்ற உயரமான வீரரின் உரிமையை வாங்கினார்கள். அவர் சிக்ஸர்ஸுக்காக ஒரு லீக் போட்டிகூட ஆடவில்லை. ஆக, வாய்ப்பு வீண். ஆனால் ஃபுல்ட்ஸை ஆர்லாண்டோவுக்கு அனுப்பியபோது பதிலுக்கு வந்தவற்றில் ஒன்று எது தெரியுமா? அதே ஒக்லஹோமா வாய்ப்பு!

2020 ஆகஸ்ட். கொரோனா காலத்தில் ஆர்லாண்டோ அருகே பார்வையாளர்கள் இல்லாமல் மிச்ச சீசன் நடந்தது. மியாமிக்கு எதிராகக் கடைசி நொடிகளில் ஒக்லஹோமாவின் மைக் மஸ்கலா த்ரீ பாயிண்டர் அடித்து ஜெயிக்க வைத்தார். அணிக்குப் பெரிய பயன் இல்லாத வெற்றி. ஆனால் அந்த வெற்றிதான் அவர்களுடைய டிராஃப்ட் இடத்தை 20-க்கு வெளியே, 21-க்குத் தள்ளியது. வாய்ப்பு பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தது. மஸ்கலா முன்னாள் சிக்ஸர்ஸ் வீரர் என்பது இதில் கூடுதல் காமெடி.

அந்த 21-வது இடத்தில் எடுத்தவர் டைரீஸ் மேக்ஸி. 2024-ல் ஆல் ஸ்டார், கூடவே அதிகம் முன்னேறிய வீரருக்கான விருது.

இப்போ சொல்லுங்க, ஃபுல்ட்ஸை எடுத்ததற்கு எத்தனை மார்க்? என் பார்வையில், அன்றைக்குத் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் ஆளைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. இடிப்பது விலைதான். இரண்டு இடம் முன்னால் போவதற்கு ஒரு முழு முதல் சுற்று வாய்ப்பு அதிகம். மேக்ஸி கிடைத்ததை வைத்து 2017 முடிவு சரிதான் என்று வாதாடுவதும் எடுபடாது. அது முழுக்க மஸ்கலாவின் கையில் இருந்த அதிர்ஷ்டம்.

ரிசல்ட்டையும் முடிவையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இன்னொரு தவறும் தப்பித்துவிடும். 2018-ல் 10-வது இடத்தில் மிக்கல் பிரிட்ஜஸை எடுத்தார்கள். உள்ளூர்ப் பையன். அவருடைய அம்மா சிக்ஸர்ஸை நடத்தும் நிறுவனத்தில்தான் மனிதவள அதிகாரி. அவர் மகிழ்ச்சியைப் பகிர்ந்து கொஞ்ச நேரத்திலேயே மகனை ஃபீனிக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு வந்த ஸயர் ஸ்மித் என்பிஏவில் ஆடியது மொத்தம் 13 போட்டிகள். இதற்கு எந்த மஸ்கலாவும் வந்து காப்பாற்றவில்லை.

அப்புறம் கோப்பை?

இல்லை. 2018 முதல் 2024 வரை ஏழு முறை தொடர்ந்து ப்ளே ஆஃப் போனார்கள். ஐந்து முறை இரண்டாவது சுற்றில் வெளியே, இரண்டு முறை முதல் சுற்றிலேயே. 2023-ல் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 51 புள்ளிகள் அடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியவர் டேட்டம். 'ஏ பிளஸ்' போட்ட ரசிகர்களுக்கு அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

2024-25-ல் காயங்களால் மறுபடி சரிவு, 24 வெற்றி, 58 தோல்வி. லாட்டரியில் 3-வது இடம் கிடைத்தது. உடனே பழைய விவாதம் புது வடிவத்தில் தொடங்கியது: பஹாமாஸில் இருந்து வந்த விஜே எட்ஜ்கோம்பா, உயரமும் ஷாட்டும் கொண்ட ஏஸ் பெய்லியா? பெய்லி சிக்ஸர்ஸுக்கான தனிப் பயிற்சிக்கு வராமல் ரத்து செய்தது பலருக்கு எரிச்சல். கடைசியில் எட்ஜ்கோம் பிலடெல்பியாவுக்கு, பெய்லி 5-வது இடத்தில் யூட்டாவுக்கு.

2025 அக்டோபரில் எட்ஜ்கோம் தன் முதல் என்பிஏ ஆட்டத்தில் 34 புள்ளிகள் அடித்தார். எதிரணி பாஸ்டன். வெற்றி வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. மறுநாள் காலைக்குள் கிரேடுகள் எல்லாம் 'ஏ'வுக்கு ஏறியிருந்தன. 2013-ல் கார்ட்டர் வில்லியம்ஸின் முதல் ஆட்டத்தைப் பார்த்த பழைய ரசிகர்கள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.