கணினி வைரஸ் ஸ்கேன்: வகைகளும் கால அட்டவணையும்

கணினி வைரஸ் ஸ்கேன் என்பது, கணினியின் நினைவகத்திலும் வன்தட்டிலும் உள்ள கோப்புகளை வைரஸ் தடுப்பு மென்பொருள் படித்துப் பார்த்து, தீங்கு செய்யும் நிரல்கள் அவற்றில் உள்ளனவா என்று சோதிக்கும் செயலாகும். பயனர் விரும்பும்போது இதைத் தாமே தொடங்கலாம். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் தானாக நடக்கும்படியும் அமைத்து வைக்கலாம். இரண்டாவது முறை கால அட்டவணை ஸ்கேன் எனப்படுகிறது. எந்த வகை ஸ்கேனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் நடத்துவது என்பதைப் பொருத்தமாகத் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை நேரத்தில் கணினி மந்தமாகும். அல்லது ஸ்கேன் நடக்காமலேயே மாதக்கணக்கில் போய்விடும்.

நிகழ்நேரப் பாதுகாப்பும் கால அட்டவணை ஸ்கேனும்

இன்றைய வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. முதலாவது நிகழ்நேரப் பாதுகாப்பு. ஒரு கோப்பு பதிவிறக்கப்படும்போதும், திறக்கப்படும்போதும், இயக்கப்படும்போதும் அது அந்த நொடியிலேயே சோதிக்கப்படுகிறது. இரண்டாவது, ஏற்கெனவே வன்தட்டில் கிடக்கும் கோப்புகளைத் தேடிப் பார்க்கும் ஸ்கேன்.

நிகழ்நேரப் பாதுகாப்பு இருக்கும்போது ஸ்கேன் எதற்கு என்ற கேள்வி எழலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள், தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்ட வரையறைக் கோப்புகளையும், சந்தேகத்துக்குரிய நடத்தையைக் கண்டறியும் விதிகளையும் வைத்தே செயல்படுகிறது. புதிய வைரஸ் ஒன்று திங்கட்கிழமை கணினிக்குள் நுழைந்து, அதன் அடையாளம் புதன்கிழமைதான் வரையறைக் கோப்பில் சேர்க்கப்பட்டால், திங்கட்கிழமை நடந்த சோதனையில் அது தப்பியிருக்க வாய்ப்புண்டு. புதன்கிழமைக்குப் பிறகு நடக்கும் ஸ்கேன், அந்தக் கோப்பு யாராலும் திறக்கப்படாமல் கிடந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும். பாதுகாப்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருந்த வேளையில் உள்ளே வந்த கோப்புகளுக்கும் இது பொருந்தும்.

வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள்

ஸ்கேன் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இரண்டு நிகழ்வுகள் விளக்குகின்றன.

1998ஆம் ஆண்டு தைவானில் தோன்றிய சிஐஎச் என்னும் வைரஸ், விண்டோஸ் 95, விண்டோஸ் 98 கணினிகளின் நிரல் கோப்புகளில் தொற்றியது. கோப்புகளுக்குள் இருக்கும் வெற்றிடங்களில் தன்னைத் திணித்துக்கொண்டதால் கோப்பின் அளவு கூடவில்லை. பயனருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்துக்கொண்டது. வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததுடன், சில கணினிகளில் தாய்ப்பலகையின் பயாஸ் நிரலையும் கெடுத்துக் கணினியைத் தொடங்கவே முடியாதபடி செய்தது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்த தேதியும் ஏப்ரல் 26 என்பதால், இதற்குச் செர்னோபில் வைரஸ் என்ற பெயரும் ஏற்பட்டது. அந்த நாளுக்கு முன்பே இந்த வைரஸை அடையாளம் காணும் மென்பொருள்கள் இருந்தன. புதிய வரையறைகளுடன் முன்கூட்டியே ஒருமுறை ஸ்கேன் செய்திருந்தால் அந்தக் கணினிகள் தப்பியிருக்கும்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை இதற்கு நேர்மாறானது. பயனர் எதையும் திறக்காமலேயே, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக அது ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. கோப்புகளை மறையாக்கம் செய்து பூட்டி, பிட்காயினில் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல இதனால் முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே, அதாவது சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. நிமிடங்களில் வேலையை முடித்துவிடும் இத்தகைய தாக்குதலை, வாரம் ஒருமுறை நடக்கும் ஸ்கேனால் தடுக்க முடியாது. இயங்குதளப் புதுப்பிப்பும் நிகழ்நேரப் பாதுகாப்புமே அதைத் தடுக்க வல்லவை.

ஆகவே கால அட்டவணை ஸ்கேன், மறைந்து காத்திருக்கும் ஆபத்துகளைத் தேடும் இரண்டாவது அரண் ஆகும். முதல் அரணுக்கு அது மாற்றாகாது.

ஸ்கேன் வகைகள்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுடன் இணைந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் நான்கு வகை ஸ்கேன்கள் உள்ளன. பிற நிறுவனங்களின் மென்பொருள்களிலும் ஏறக்குறைய இதே வகைகள் காணப்படுகின்றன.

விரைவு ஸ்கேன்: இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள், கணினி தொடங்கும்போது தானாக இயங்குபவை, தீங்கு நிரல்கள் வழக்கமாகத் தங்கும் கோப்புறைகள் ஆகியவற்றை மட்டும் பார்க்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கணினியில் தொடர்ந்து செயல்பட விரும்பும் எந்தத் தீங்கு நிரலும் தொடக்கப் பட்டியலில் எங்காவது தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருப்பதால், குறைந்த நேரத்தில் அதிகப் பயன் தருவது இதுவே.

முழு ஸ்கேன்: வன்தட்டின் எல்லாக் கோப்புகளையும், சுருக்கப்பட்ட கோப்புகளின் உள்ளடக்கத்தையும் சோதிக்கும். கோப்புகளின் எண்ணிக்கையையும் வட்டின் வேகத்தையும் பொறுத்து ஒரு மணி நேரமோ, பல மணி நேரமோ ஆகலாம். சுழலும் வன்தட்டு கொண்ட பழைய கணினிகளில் இந்த நேரம் மிகவும் கூடும்.

தெரிவு ஸ்கேன்: பயனர் குறிப்பிடும் கோப்புறையையோ வட்டையோ மட்டும் சோதிக்கும். பென் டிரைவைச் சோதிக்க ஏற்றது இதுதான். டிஃபெண்டரின் இயல்பு அமைப்பில், முழு ஸ்கேன்கூடக் கணினியில் செருகப்பட்டுள்ள பென் டிரைவை உட்படுத்துவதில்லை. எனவே ஜெராக்ஸ் கடையிலோ கல்லூரி ஆய்வகத்திலோ பயன்படுத்திய பென் டிரைவை, திறப்பதற்கு முன் வலது சொடுக்கித் தனியாக ஸ்கேன் செய்வது நல்லது. கோப்புறைகளை மறைத்துவிட்டு அதே பெயரில் குறுக்குவழிக் கோப்புகளை வைக்கும் 'ஷார்ட்கட் வைரஸ்' இப்படித்தான் பெரும்பாலும் பரவுகிறது.

ஆஃப்லைன் ஸ்கேன்: கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக இயங்குவதற்கு முன்பே நடக்கும் ஸ்கேன் இது. இயங்குதளத்துக்குள் ஆழமாகப் புகுந்து, வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணிலிருந்தே தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் போன்றவற்றைப் பிடிக்க இது உதவும். சுமார் 15 நிமிடங்கள் ஆகும். அட்டவணை போட்டு நடத்த வேண்டியதில்லை. நீக்கிய வைரஸ் மீண்டும் மீண்டும் தோன்றினால் பயன்படுத்தலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நிகழ்நேரப் பாதுகாப்பு எப்போதும் இயங்கும் வீட்டுக் கணினிக்கு, நாள்தோறும் அல்லது வாரம் சில முறை விரைவு ஸ்கேன் போதுமானது. மைக்ரோசாஃப்டும் அட்டவணை ஸ்கேனுக்கு விரைவு வகையையே பரிந்துரைக்கிறது. முழு ஸ்கேனைப் புதிய மென்பொருளை நிறுவியவுடன் ஒருமுறையும், அதன்பின் மாதம் ஒருமுறையும் நடத்தலாம். தினமும் முழு ஸ்கேன் நடத்துவதால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது. கணினி மந்தமாவதால் எரிச்சலடைந்து பயனர் பாதுகாப்பையே நிறுத்திவிடும் ஆபத்துதான் அதிகம்.

பலர் பயன்படுத்தும் கணினிகளுக்கு இது பொருந்தாது. பிரவுசிங் சென்டர், பள்ளி ஆய்வகம், ஜெராக்ஸ் கடை போன்ற இடங்களில் ஒரே நாளில் பலருடைய பென் டிரைவ்கள் செருகப்படுகின்றன. அங்கே நாள்தோறும் விரைவு ஸ்கேனும், வாரம் ஒருமுறை முழு ஸ்கேனும் தேவைப்படும்.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

அட்டவணை நேரத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதில் முக்கியமான வேலை நடக்கக்கூடாது. இரவும் பகலும் இயங்கும் அலுவலகக் கணினிகளுக்கு அதிகாலை 2 மணி பொருத்தமானது. ஆனால் இரவில் சுவிட்சையே அணைத்துவிடும் வீடுகளில் இந்த நேரத்தை வைத்தால் ஸ்கேன் நடக்காது. அங்கே மதிய உணவு நேரமோ மாலைத் தேநீர் நேரமோ ஏற்றது.

விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்னும் நிரலைத் திறந்து, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்ற வரிசையில் சென்றால் டிஃபெண்டரின் அட்டவணை ஸ்கேன் பணியைக் காணலாம். அதன் 'ட்ரிகர்ஸ்' பகுதியில் நாளையும் நேரத்தையும் அமைக்கலாம். மேலும் சில அமைப்புகளைக் கவனிக்க வேண்டும்.

தவறிய ஸ்கேன்: குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்து வாய்ப்புக் கிடைத்தவுடன் பணியைத் தொடங்கும்படி 'செட்டிங்ஸ்' பகுதியில் தேர்வு செய்யலாம். மின்வெட்டு அடிக்கடி ஏற்படும் இடங்களில் இது மிகவும் தேவை.

மின்சாரம்: மடிக்கணினி மின்னிணைப்பில் இருக்கும்போது மட்டும் பணி தொடங்குமாறு 'கண்டிஷன்ஸ்' பகுதியில் அமைக்கலாம். இதனால் பேட்டரி வீணாகாது. ஆனால் எப்போதும் பேட்டரியிலேயே பயன்படுத்துபவருக்கு இந்த நிபந்தனையால் ஸ்கேன் நடக்காமலே போகக்கூடும்.

வரையறைப் புதுப்பிப்பு: ஸ்கேனுக்கு முன் வரையறைகள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய வரையறைகளுடன் நடக்கும் ஸ்கேன், நேற்று தப்பியதை இன்றும் தப்பவிடும்.

கணினியின் சுமை: ஸ்கேன் எவ்வளவு செயலாற்றலை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பல மென்பொருள்களில் வரம்பு உண்டு. டிஃபெண்டரில் இயல்பு அளவு 50 விழுக்காடு. இதைக் குறைத்தால் கணினி இலகுவாக இயங்கும். ஸ்கேன் முடிய நேரம் கூடும்.

நேரப் பகிர்வு: பல கணினிகள் உள்ள அலுவலகத்தில் அனைத்தும் ஒரே நிமிடத்தில் ஸ்கேனைத் தொடங்கினால் வலையமைப்பும் பொதுச் சேமிப்பகமும் திணறும். குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு நேரம் கொடுப்பது நல்லது. காப்பு நகல் எடுக்கும் நேரத்துடனும் ஸ்கேன் மோதக்கூடாது.

லினக்ஸ் கணினிகளில் கிளாம்ஏவி என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவி, கிரான் என்னும் அட்டவணை வசதி மூலம் ஸ்கேனை நடத்தலாம். மேக் கணினிகளில் எக்ஸ்புரொடெக்ட் என்னும் உள்ளமைந்த வசதி பின்னணியில் இயங்குகிறது. அதற்குப் பயனர் அட்டவணை அமைக்க வேண்டியதில்லை.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு கணினியில் நிகழ்நேரப் பாதுகாப்புத் தரும் மென்பொருள் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒரே கோப்பை இரண்டும் பிடித்துக்கொண்டு கணினியை நிறுத்திவிடக்கூடும். வேறு நிறுவனத்தின் மென்பொருளை நிறுவினால் டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பு விலகிக்கொள்ளும். ஆனாலும் அவ்வப்போது ஸ்கேன் மட்டும் செய்யும்படி அதைத் தனியாக இயக்கி வைக்கலாம்.

ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய அமைப்புகள் வைரஸ் தடுப்பு மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. கண்டறியும் திறனுடன், கணினியின் வேகத்தை எவ்வளவு பாதிக்கிறது, நல்ல கோப்புகளைத் தவறாகப் பிடிக்கிறதா என்பவற்றையும் அம்முடிவுகளில் பார்க்கலாம். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா, 2017 முதல் தீங்கு நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது. 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது' என்று இணைய உலாவியில் திடீரெனத் தோன்றும் அறிவிப்புகளை நம்பி எதையும் நிறுவக்கூடாது. அவற்றில் பல தாமே தீங்கு நிரல்கள்.

நிறுவிய மென்பொருள் வேலை செய்கிறதா என்று அறிய ஐகார் சோதனைக் கோப்பைப் பயன்படுத்தலாம். 68 எழுத்துருக்கள் மட்டுமே கொண்ட இந்தக் கோப்பு எந்தத் தீங்கும் செய்யாது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இதை வைரஸாகவே கருதி எச்சரிக்கும்படி பொது உடன்பாடு உள்ளது.

ஸ்கேன் முடிவில் செய்ய வேண்டியவை

சந்தேகத்துக்குரிய கோப்பு கிடைத்தால் உடனே அழித்துவிடாமல் தனிமைப்படுத்தி வைப்பதே பாதுகாப்பானது. மென்பொருளும் தவறு செய்யும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட வரையறைப் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று கருதியது. அதனால் ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகி முடங்கின. தனிமைப்படுத்திய கோப்பை, அது நல்ல கோப்பு என்று தெரிந்தபின் மீட்கலாம்.

ஐயம் இருந்தால் வைரஸ்டோட்டல் என்னும் தளத்தில் கோப்பைப் பதிவேற்றிப் பல மென்பொருள்களின் முடிவை ஒரே இடத்தில் பார்க்கலாம். அங்கு ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால், சான்றிதழ்கள், வங்கி ஆவணங்கள் போன்றவற்றை ஏற்றக்கூடாது.

தீங்கு நிரலை நீக்குவதால் அது ஏற்கெனவே செய்த சேதம் சரியாகிவிடாது. கடவுச்சொற்களைத் திருடும் நிரல் அகப்பட்டால், வேறொரு பாதுகாப்பான சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை உடனே மாற்ற வேண்டும். பூட்டப்பட்ட கோப்புகளை ஸ்கேனால் திறக்க முடியாது. அவற்றை மீட்க நம்பகமான வழி, கணினியுடன் இணைக்காமல் தனியாக வைத்திருக்கும் காப்பு நகல்தான். ஆகவே ஆய்வேடு, கணக்கு வழக்கு, குடும்பப் படங்கள் போன்ற மீண்டும் உருவாக்க முடியாத கோப்புகளை, மாத முழு ஸ்கேன் முடிந்து கணினி சுத்தம் என்று தெரிந்தவுடன் வெளிவட்டில் படியெடுத்து, வட்டைக் கழற்றி வைப்பது நல்ல நடைமுறை.