நாற்பத்தொன்பது வாங்கியும் தோற்றேன்!
(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல் மாணவன்)

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. கல்லூரியில் கால் வைத்த முதல் பருவத்தில் நான் அதைத்தான் செய்தேன். பாடநூலைப் படித்தேனேயன்றி, விதிமுறைப் புத்தகத்தை ஒருமுறைகூடப் புரட்டவில்லை.

தேர்வு முடிவு வந்தது. ஒரு தாளில் அக மதிப்பீட்டில் 25க்கு 21. பல்கலைக்கழகத் தேர்வில் 75க்கு 28. மொத்தம் 49. எதிரே 'தோல்வி' என்றிருந்தது. வயலிலிருந்து வந்த என் தந்தையார், "நாற்பது எடுத்தால் பாஸ் என்றாயே, ஏனப்பா தோற்றாய்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்றே அவர் எண்ணினார். அந்தப் பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

பதில் மிக எளியது. எங்கள் விதிமுறைப்படி மொத்தத்தில் 40 பெற்றால் மட்டும் போதாது. பல்கலைக்கழகத் தேர்வில் தனியாகவும் நூற்றுக்கு நாற்பது, அதாவது 75க்கு 30 பெறவேண்டும். எனக்குக் குறைந்தவை இரண்டே மதிப்பெண்கள். இதன் மறுபக்கமும் உண்டு. அக மதிப்பீட்டில் 5 மட்டுமே பெற்றவர் வெளித்தேர்வில் 30 எடுத்தாலும் மொத்தம் 35தான், அவரும் தோற்பார். ஆகவே இரண்டும் வேண்டும். அரியர் எழுதியபோது என் 21 அப்படியே நின்றது; வெளித்தேர்வை மட்டும் எழுதி வென்றேன்.

அடுத்தது வருகைப் பதிவு. ஒரு பருவத்திற்கு 90 வேலை நாட்கள் என்றால், 75 விழுக்காட்டிற்கு 68 நாட்கள் வரவேண்டும். 22 நாட்களுக்குமேல் விடுப்பு எடுக்கலாகாது. 65க்குக் குறையாமல் வந்தவர் தக்க காரணம் காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். 50க்கும் 65க்கும் இடைப்பட்டவர் அப்பருவத் தேர்வை எழுத முடியாது. ஆயினும் அடுத்த பருவத்திற்குச் சென்று, விட்ட தேர்வைப் பின்னர் எழுதலாம். 50க்கும் குறைந்தவர்தான் அப்பருவத்தை மீண்டும் படிக்கவேண்டும்.

அறிவியல் மாணவர்க்கு இவ்விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தவறவிட்ட பாடத்தை நண்பனின் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொள்ளலாம். தவறவிட்ட செய்முறையை எழுதிக்கொள்ள முடியுமா? ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவனுக்கு, தனி ஊசலின் அலைவுகளை எண்ணும் கை வந்துவிடாது.

மூன்றாவது, தரப்புள்ளி. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட நெறிமுறையில் 'ஓ' என்ற தரத்திற்கு 10 புள்ளி. 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, 'பி பிளஸ்' 7, 'பி' 6, 'சி' 5, 'பி' என்னும் வெறும் தேர்ச்சிக்கு 4, தோல்விக்குச் சுழியம். எழுத்துகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறலாம். இவற்றை வெறுமனே கூட்டிச் சராசரி காணக்கூடாது. வாரம் ஒரு மணி நேர வகுப்பு அல்லது இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட். 4 கிரெடிட் தாள்கள் இரண்டில் 8, 6 புள்ளிகளும், 2 கிரெடிட் செய்முறையில் 9 புள்ளிகளும் பெற்றால் 32, 24, 18 ஆக 74. அதை 10 கிரெடிட்டால் வகுக்க, 7.4. வெறும் சராசரியோ 7.67 என்று நம்மை ஏமாற்றும். கிரெடிட் மிகுந்த தாளை அலட்சியம் செய்தால் இழப்பும் மிகுதி என்பது இதனால் விளங்கும்.

இறுதியாக ஒன்று. என்னோடு முதலாண்டில் அமர்ந்த நண்பன் இரவு வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கியவன். 90 நாட்களில் 55 நாட்களே வந்தான், 61 விழுக்காடு. தேர்வு எழுத அனுமதி இல்லை என்ற அறிவிப்பைப் பலகையில் கண்டதும், கல்லூரியை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று எண்ணி நின்றுவிட்டான். அடுத்த பருவத்திற்கு வர அவனுக்கு உரிமை இருந்தது. அதை அவனும் அறியான். அருகிருந்த நானும் அறியேன். நான் அறிந்தபோது ஓராண்டு கடந்திருந்தது. அவன் வெளியூர் போய்விட்டிருந்தான்.

விதிகள் கதவை மூடுவதற்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. திறந்திருக்கும் கதவையும் அவையே காட்டுகின்றன. பேராசிரியப் பெருமக்கள் முதலாண்டின் முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றை விளக்க வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன். நண்பர்களே, பக்கத்தில் இருப்பவன் சில நாட்கள் வராவிட்டால், வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் நீங்கள் அவனைத் தேடிச் செல்லுங்கள்!